கூப்பிடாமல் விட்ட மன்றம்

1986-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் ஒரு கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 47-ஆவது பிரிவு, அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதற்கு முடிவு கட்டியது. மக்களவையில் 231-க்கு 230, ஒரே ஓட்டு வித்தியாசம். அந்த ஓட்டெடுப்பைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். அதே சட்டம் மத்தியக் கல்வி ஆலோசனை மன்றங்களையும் ஒழித்தது. அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

இத்தனைக்கும், தொடக்கப் பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்யுங்கள் என்று 1967-லேயே சொன்னது இந்த மன்றம்தான். ப்ளவுடன் அறிக்கை என்று அதற்குப் பெயர்.

1944-ஆம் வருடக் கல்விச் சட்டம் இங்கிலாந்துக்கு ஒன்று, வேல்ஸுக்கு ஒன்று என இந்த மன்றங்களை உருவாக்கியது. அமைச்சர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும், தங்களுக்குச் சரி என்று படுவதைச் சொல்லலாம். இந்த இரண்டாவது உரிமைதான் பெரிய விஷயம். பள்ளியை விட்டு நிற்கும் வயதை 16 ஆக்கச் சொன்ன 1959-இன் கிரவுதர் அறிக்கை இங்கிருந்து வந்ததுதான். அது நடைமுறைக்கு வர 1972 ஆனது.

ப்ளவுடனுக்குப் பிறகு இங்கிலாந்து மன்றத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. மன்றம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. நாற்காலிகள் மட்டும் காலி. கட்சிகள் மாறி மாறி ஆண்டன, நிலைமை மாறவில்லை. கடைசியில் 1986-ல், இல்லாத ஒன்றை எடுத்துவிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

என் வேலையில் இதை டெட் கோட் என்போம். "யூஸே ஆகலையே, தூக்கிடுங்க" என்றால் யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள். ஆனா ஏன் யூஸ் ஆகலைன்னு தேடிப் பார்த்தா, அதைக் கூப்பிடுற வரியை யாரோ சத்தமில்லாம எடுத்திருப்பாங்க.

மன்றம் மெதுவாகத்தான் வேலை செய்தது, உண்மை. 1963-ல் கேட்ட கேள்விக்கு 1967-ல்தான் பதில் வந்தது. அரசும் ஆலோசனை கேட்பதை நிறுத்திவிடவில்லை. வாசிப்பு, எழுத்து பற்றிப் புல்லக் குழு, சிறப்புக் கல்வி பற்றி வார்னாக் குழு எனத் தனித்தனிக் குழுக்கள் போட்டது. ஆனால் அங்கே கேள்வியைத் தீர்மானிப்பது அரசு. அறிக்கை கொடுத்ததும் குழு வீட்டுக்குப் போய்விடும். "நாங்க சொன்னது என்ன ஆச்சு?" என்று திரும்பி வந்து கேட்க ஆளில்லை.

பிரம்பு விஷயத்தில் அரசை நெருக்கியதும் வெளியிலிருந்து வந்த தீர்ப்புதான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இரண்டு தாய்மார் தொடுத்த வழக்கில் 1982-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கொடுத்தது அது. அறிக்கை வந்த வருடம் ஐந்து வயதில் பள்ளிக்குப் போன குழந்தைக்கு, சட்டம் வந்தபோது வயது 24. அதன் பள்ளிக்காலம் முழுக்கப் பிரம்பு சட்டப்படிச் செல்லுபடியானது.

சட்டம் போட்டு ஒழிப்பதில் ஒரு நேர்மையாவது இருக்கிறது. மசோதா வேண்டும், விவாதம் வேண்டும், கை தூக்க வேண்டும். ஆள் போடாமல் விடுவதற்கு இது எதுவுமே தேவையில்லை. ஓர் அமைப்பு காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், கடைசியாக அதற்கு எப்போது ஆள் போட்டார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.