மெட்ரோ ஏறினால் காடு!

'மணலி புதுநகர்லேர்ந்து காட்டுக்கா? ஆளை விடுங்கப்பா!' என்று அலறாதீங்க. லீவு நாளில் அப்பா, அம்மா, தங்கச்சி, பாட்டி என மொத்தக் குடும்பத்தையும் காலையிலேயே கிளப்புங்க. பஸ்ஸில் திருவொற்றியூர். அங்கே மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டி. ஒரு ஆட்டோ பிடித்தால்... சிறுவர் பூங்கா!

'அது பொடிசுங்க ஏரியாவாச்சே' என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். அதை ஒட்டியே இருப்பது 1978-ல் தேசியப் பூங்காவான நிஜக் காடு. பரப்பு சுமார் 2.7 சதுர கி.மீ.தான். ஆனால் வெளிமான், புள்ளிமான், நரி எல்லாம் உண்டு. பக்கத்து ஐ.ஐ.டி. கேம்பஸ்கூட இந்தக் காட்டிலிருந்து பிரிச்சுக் கொடுத்ததுதான்! உள்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது. பூங்காவின் மர நிழலில் பாட்டியோடு மெதுவா ஒரு ரவுண்டு வரலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் போயிடாதீங்க, விடுமுறை. மானுக்கு சிப்ஸ் நீட்டுற வேலையும் வேண்டாம்.

சரி, நம்ம பக்கம் காடே இல்லையா? இருக்கே! எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்திக் காடு. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்த மரங்களில் அப்பிக்கொண்டது. மீனவர்கள் கையாலேயே வழித்து அள்ளினார்கள்.

கிண்டியில் மானைப் பார்த்துட்டு வந்த கையோடு, அடுத்த லீவுக்கு வீட்டாரை எண்ணூர் பாலத்துக்கும் கூட்டிப் போங்க. நம்ம ஊரிலும் காடு இருக்குன்னு தெரிஞ்சாதானே, அதுக்கு ஒண்ணுன்னா நாம கேள்வி கேட்போம்?