பாட்டியின் முடிச்சும் திருப்பூர்க் கடையும்

திருப்பூருக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லி விட்டால் போதும்; தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் பனியன் அளவு எழுதிய சீட்டைக் கையில் திணித்து விடுவார்கள். அடுத்த வீட்டு மாமிக்கு 85-ல் இரண்டு, மாடி வீட்டுக்காரருக்கு 95-ல் நான்கு, அதிலும் கை வைத்தது, கை வைக்காதது என்று ஆயிரம் நிபந்தனைகள்! சென்னையில் கோவை எக்ஸ்பிரஸ் ஏறியபோது என் கைப்பையில் ஏழு சீட்டுகள் இருந்தன. அவற்றுக்கு அடியில், ஒருவருக்கும் சொல்லாமல், என் பாட்டியின் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றும் இருந்தது.

முடிச்சுக்குள் ஒரு வெள்ளி ரூபாய், மூன்று ஓட்டைக் காலணா, ஆறு அம்மன் காசு. அவ்வளவுதான் சொத்து. பாட்டி புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவள். அந்த சமஸ்தானத்தில் நவராத்திரியின்போது அரண்மனையில் ஜனங்களுக்கு அரிசியும் அம்மன் காசும் கொடுப்பது வழக்கம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறு பக்கம் ‘விஜய’ என்று தெலுங்கில் எழுதியிருக்கும். சின்னஞ்சிறு செப்புக் காசு. அதை வாங்கக் குழந்தைகள் முண்டியடித்ததைப் பாட்டி சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

முடிச்சை நான் ஏன் திருப்பூருக்கு எடுத்துப் போனேன் என்று கேட்கிறீர்களா? அதற்கு ஒரு சின்ன மனத்தாங்கல் காரணம். சில மாதங்களுக்கு முன் பட்டணத்தில் ஒரு கடைக்கு இதை எடுத்துப் போனேன். பெயர் எதற்கு, விடுங்கள். கண்ணாடி மேஜைக்கு அப்பால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “விற்கவா, வாங்கவா?” என்றார். இரண்டும் இல்லை, என்னவென்று தெரிந்து கொள்ளத்தான் என்றேன். வெள்ளி ரூபாயை மட்டும் எடுத்துத் தராசில் போட்டு, “எடைக்கு எடுத்துக்கலாம். மற்றதெல்லாம் சில்லறை” என்று தள்ளி விட்டார். பாட்டியையே தள்ளி விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் வேறு யோசனை தோன்றியது. வெள்ளி ரூபாயில் வளையம் வைத்துப் பதக்கமாக்கி, அமெரிக்காவில் இருக்கும் என் பெண்ணுக்கு அனுப்பி விட்டால் என்ன? அதற்கு முன்னேற்பாடாக, புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, ரூபாயை விபூதி போட்டுத் தேய்த்தேன். அம்மன் காசில் இரண்டைப் புளி போட்டு விளக்கினேன். குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தன! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திருப்பூரில் இறங்கியதும் முதலில் தெரிவது அதன் சுறுசுறுப்பு. நூல் வந்து இறங்குகிற இடம் ஒன்று, பின்னுகிற இடம் ஒன்று, சாயம் ஏற்றுகிற இடம் ஒன்று, வெட்டுவது, ஓவர்லாக் அடிப்பது, காஜா எடுப்பது, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஊரே ஒரு பெரிய கூட்டுக் குடும்பம்போல் வேலையைப் பங்கு போட்டுக் கொண்டிருக்கிறது. பெரிய தொழிற்சாலையானாலும் நாலு மெஷின் போட்ட வீட்டுத் திண்ணையானாலும் இங்கே அதற்கு ஒரே பெயர், ‘கம்பெனி’. சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் தமிழோடு ஹிந்தியும் ஒடியாவும் காதில் விழும்.

என் தம்பி ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அவன் வீட்டில் கால் வைத்த அன்றே ஒரு ரகளை. தம்பி மனைவியின் கைபேசியில் ஒரு விளம்பரம்: டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டு இருந்தால் லட்சக்கணக்கில் தருவார்களாம். அவளிடம் அந்த நோட்டு இருந்தது. எழுதிப் போட்டாள். ‘உங்கள் நோட்டு தேர்வாகி விட்டது; பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று பதில் வந்து விட்டது. அனுப்பப் போகிற சமயத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

“ரிசர்வ் பாங்கு முத்திரையெல்லாம் போட்டிருக்கு, அண்ணி!” என்றாள்.

தம்பி தலையில் கை வைத்துக் கொண்டான். “பணம் அனுப்பறத்துக்கு முன்னாலே, இங்கே சந்துக்குள்ளே ஒரு பழைய காசுக் கடை இருக்கு. அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க” என்றான். என் முடிச்சுக்கும் வேளை வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான், தம்பி மனைவி, அவர்கள் பையன், மூவரும் கிளம்பினோம். பையனுக்குப் பன்னிரண்டு வயசு.

கடை என்றால் பத்தடிக்கு எட்டடி இருக்கும். ஆனால் முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்தே தெரிகிறது. பெண்கள் தயங்காமல் ஏறலாம். வாசலை ஒட்டி இரண்டு ஸ்டூல், ஒரு பெஞ்சு. மேஜைமேல் நல்ல வெளிச்சமான விளக்கு. கயிற்றில் கட்டிய பூதக் கண்ணாடி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

“வாங்கம்மா, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க. அம்மிணி, நீங்களும் வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்றார் கடைக்காரர். எங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை.

நான் முடிச்சை எடுத்தேன். அவர் மேஜைமேல் ஒரு வெல்வெட் துணியை விரித்து, “நீங்களே எடுத்து வெய்யுங்க” என்றார். காசுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றை விளிம்பில் மட்டும் விரல் படும்படி எடுத்து விளக்கின்கீழ் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி:

“இது யாரோடதுங்க?”

இதைத்தான் பட்டணத்துக் கடையில் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கியிருந்தேன் போலும். பாட்டி, நவராத்திரி, அரிசி, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து விட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மெதுவாக, “ரூபாய எப்பத் தேச்சீங்கம்மா?” என்றார்.

“நேற்றைக்கு முன்தினம்...” என்றேன். பெருமை எங்கேயோ போய் விட்டது.

“பரவாயில்லீங்க, எல்லாரும் செய்யறதுதான். ஆனா சேகரிக்கறவங்க மங்கின காசத்தான் விரும்புவாங்க. அந்த மங்கல்தானுங்க அதோட வயசு. விபூதி, புளி, எலுமிச்சம்பழம் எது போட்டாலும் வயசு போயிரும், எழுத்தும் தேயும். நல்ல வேளை, அம்மன் காசுல நாலத் தொடாம விட்டீங்க.”

பிறகு ரூபாயைப் பற்றிச் சொன்னார். அதில் 1862 என்று இருந்ததால் அபூர்வம் என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் 1874 வரைக்கும் அதே வருஷத்தைப் போட்டே அச்சடித்தார்களாம். ஆகவே இது நிறையக் கிடைக்கிற காசுதான். அந்த நாள் ரூபாய் சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பாட்டி லேகியம் கிளறும்போது ‘ஒரு ரூபாய் எடை சுக்கு’ என்பாளே, அது இந்த ரூபாயின் எடைதான்! 1940-லிருந்து வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் வெறும் நிக்கல் ஆகி விட்டது. ஓட்டைக் காலணா 1943-லிருந்து 1947 வரை வந்தது. யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டை அது.

“பதக்கமாக்கி அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?” என்று கேட்டேன்.

“அனுப்பக் கூடாதுங்க. நூறு வருஷத்துக்கு மேலான காசு தொல்பொருள் கணக்குல வரும். 1972-லயே சட்டம் போட்டிருக்காங்க. தனி ஆளுக யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. அதை விக்கறதுக்கு நானே லைசென்ஸ் வெச்சிருக்கணும். பதக்கம் பண்ணப் பத்த வெச்சா, காசும் கெட்டுப் போகுமுங்க.”

விற்றுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி மனைவிக்கு இப்போது தைரியம் வந்து கைபேசியை நீட்டினாள். அவர் பார்த்து விட்டுச் சிரிக்கவில்லை. “நல்ல வேளை பணம் கட்டலைங்க, அம்மிணி. ரிசர்வ் பாங்கு பழைய காசு, நோட்டு வாங்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல. அதும் பேரைச் சொல்லிக் கமிஷன் கேக்கறவங்களை நம்பாதீங்கன்னு 2021 ஆகஸ்டுல அவங்களே அறிக்கை விட்டாங்க” என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். எல்லாம் போலிகள்! ஆஞ்சநேயர் உருவத்தோடு 1818 என்று வருஷமும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் போட்ட செப்புக் காசு ஒன்று. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் அதற்குச் சக்தி இருக்கிறது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் ஏமாற்றுகிறார்களாம். வருகிறவர்கள் பார்த்துத் தெரிந்து கொள்ளட்டும் என்று அதையும் வைத்திருக்கிறார்.

அந்தச் சமயம் ஒரு பெண் உள்ளே வந்தாள். ஏதோ கம்பெனியில் டெய்லராம். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஓரத்தில் இருந்த டப்பாவை அவளே எடுத்துக் கொட்டித் தேட ஆரம்பித்தாள். அதில் இருப்பதெல்லாம் பத்து, இருபது ரூபாய்க்குள் விற்கிற காசுகள். மற்ற உறைகளிலும் விலை எழுதி ஒட்டியிருந்தது. முகத்தைப் பார்த்து விலை சொல்கிற வழக்கம் இங்கே இல்லை.

“சம்பளம் வாங்கினதும் வாரம் ஒரு காசுங்க அக்கா. வருஷத்துக்குக் கீழே பாருங்க: வைர அடையாளம் இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணும் இல்லேன்னா கல்கத்தா” என்று பையனுக்குப் பாடமே நடத்தி விட்டாள். “வேற கடையில ஏறினா, உனக்கெதுக்கு இதுன்னு பாப்பாங்க. இங்க ஸ்டூல் போடறாங்க” என்றாள் என்னிடம்.

பையனின் கண் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தில் நின்றது. ஒரு ராஜாவின் தலை. “இது யாரு?”

“ரோமாபுரிச் சக்கரவர்த்தி டைபீரியஸ், கண்ணு. உங்க ஊருக்கு வந்தவருதான்” என்றார் கடைக்காரர்.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு நானே வாயடைத்துப் போனேன். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவேரியில் கலக்கிறதே நொய்யல், அதன் கரையில் இருக்கிறது வெள்ளலூர். 1842-ல் அங்கே 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவையே மிகுதி. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக் காசுகள்! காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் வெட்டினார்கள். கீழே சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் கல்லைத் தீட்டி மணியாக்கினார்கள். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அந்தப் பட்டறைகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் வெளிப்பட்டன. இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்குமாக வருஷம் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போகிறது, எல்லாம் ஆடம்பரத்தாலும் பெண்களாலும் வருகிற வினை என்று ரோமாபுரியில் பிளினி என்ற பெரியவர் அங்கலாய்த்தாராம். பழி அன்றைக்கும் நம் தலையில்தான், பாருங்களேன்!

“1978-ல இத்தாலியிலருந்து ஒரு வியாபாரி வெள்ளை பனியன் தேடி வந்தாரு, அதுலதான் ஏற்றுமதி சூடு பிடிச்சதுன்னு ஊருல சொல்லுவாங்க. அவங்களுக்கு நம்ம ஊர் வழி பழக்கமான வழிதானுங்க!” என்று சிரித்தார்.

“இன்னும் தோட்டத்தில் கிடைக்குமா?” என்று பையன் ஆவலாகக் கேட்டான்.

கடைக்காரர் முகம் மாறியது. “கெடைக்கும், கண்ணு. மண்ணுல கெடச்சதக் கொண்டு வந்தா நான் வாங்கறதில்ல. பத்து ரூபாய்க்கு மேல பெறுமான புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்னு 1878-ல போட்ட சட்டம் இருக்குது. ஆனா அவங்கள விரட்டிட்டா என்ன ஆகும்? நேரா உருக்கற எடத்துக்குப் போயிருவாங்க. ராத்திரியோட ராத்திரியா எல்லாம் கட்டி வெள்ளி ஆயிரும். எந்த ஊரு, எந்தக் காடு, எந்தப் பானைங்கறதும் சேர்ந்து உருகிப் போயிரும். அதனால உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, தாலூகா ஆபீசுக்கு வழி சொல்லி அனுப்பறேனுங்க.”

அப்போதுதான் எனக்கு அந்த ஸ்டூலின் அருமை புரிந்தது. வியாபார சாமர்த்தியம் என்றல்லவா நினைத்திருந்தேன்! பட்டணத்தில் அன்று எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வந்திருந்தால், பாட்டியின் ரூபாயை எடைக்குத்தான் போட்டிருப்பேன்.

கிளம்பும்போது தம்பி மனைவி தயங்கித் தயங்கி, “தாமரைப்பூ போட்ட இருபது பைசா இருக்குங்களா? லக்ஷ்மி பூஜைக்கு நூற்றியெட்டில் ஒன்று குறைகிறது” என்றாள். 1968-லிருந்து சில வருஷங்களே வந்த பித்தளை நிறக் காசு அது. டப்பாவில் தேடி எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எங்களால் அவருக்கு நடந்த வியாபாரம் அவ்வளவுதான். அதோடு பையனிடம் சில காலி உறைகளைக் கொடுத்து, “யாரோடது, எந்த ஊரு, எப்படிக் கெடச்சதுன்னு எழுதி வெய்யி, கண்ணு. எழுதலேன்னா உனக்கப்புறம் இது வெறும் சில்லறை” என்றார்.

அன்று ராத்திரி பையன் உட்கார்ந்து எழுதினான். ‘கொள்ளுப் பாட்டி. புதுக்கோட்டை. நவராத்திரிக்கு அரிசியோடு வாங்கியது. இரண்டை அத்தை புளி போட்டுத் தேய்த்து விட்டாள்.’ கடைசி வரியை அடிக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். உண்மைதானே, இருக்கட்டும் என்று விட்டு விட்டேன். உறைகள் இப்போது அவனிடம் இருக்கின்றன. அவற்றின் படமும் கதையும் என் பெண்ணுக்கு அமெரிக்காவுக்குப் போயிருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் அஞ்சறைப் பெட்டியிலோ பூஜை அலமாரியிலோ இப்படி ஒரு முடிச்சு இருக்கும். தீபாவளிக்கு வெள்ளிச் சாமான்களோடு சேர்த்து அதைத் தேய்த்து விடாதீர்கள். முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பனியன் சமாசாரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஆறு சீட்டுக்கு வாங்கி விட்டேன். அடுத்த வீட்டு மாமியின் சீட்டைத்தான் காணோம். கடைக்காரர் விரித்த துணியின்மேல் முடிச்சை அவிழ்த்தபோது விழுந்திருக்க வேண்டும். அது யாருடையது என்று அவர் இன்னும் பத்திரமாக வைத்திருப்பார்!