இனிப்பு நீரும் ஒரு சுண்டெலியும்

நம் நாட்டுத் தமிழர் நீரிழிவை 'இனிப்பு நீர்' என்றே வழங்குவர். மலாய்ப் பெயரைத் தழுவி எழுந்த பெயர் அது. பெயரிலேயே இனிப்பு இருப்பதால் குற்றவாளியைத் தேடி எவரும் தொலைவு செல்வதில்லை. இனிப்பை உண்டவன் குற்றவாளி. ஊட்டியவள் அவனினும் பெரிய குற்றவாளி. இந்தத் தீர்ப்பை நானும் ஒருமுறை வழங்கியிருக்கிறேன்.

கிள்ளானில் வாழும் என் தங்கையின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சில வாரங்களில் உடல் இளைத்துத் துரும்பானாள். ஓயாத தாகம், இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனாள். ஒருநாள் மயங்கி விழவே மருத்துவமனையில் சேர்த்தார்கள். வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசி வேண்டும் என்றார் மருத்துவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி ஓடிய நான், கட்டிலருகே நின்ற தங்கையிடம் முதலில் சொன்னது ஆறுதல் அன்று. "தெங்கு கிளானா சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தியே, இப்போ பார்த்தியா?" என்றேன். அவள் மறுமொழி கூறவில்லை. அந்த ஆண்டு அவள் வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுடவில்லை.

நோயைப் பற்றிப் பின்னர்தான் படிக்கத் தொடங்கினேன். பேசுவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். நம்மவரிடையே மிகுதியாகக் காணப்படும் இனிப்பு நீர் இரண்டாம் வகை. அதில் உணவுக்கும் உடற்பருமனுக்கும் பங்குண்டு. குழந்தைக்கு வந்ததோ முதல் வகை. அதன் கதையை அறியச் சென்ற என்னை நூல்கள் ஜப்பானிய ஆய்வுக்கூடம் ஒன்றில் வளர்ந்த வெள்ளைச் சுண்டெலியிடம் கொண்டு நிறுத்தின.

ஷியோனோகி மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர் மக்கினோவும் துணைவரும் 1980-இல் அந்த எலியை உலகுக்கு அறிவித்தனர். கண்புரை காணும் எலிகளை உருவாக்க முயன்றபோது கிளைத்த வழி அது. 'பருமனற்ற நீரிழிவு எலி' என்பது அதன் பெயருக்குப் பொருள், சுருக்கமாக என்.ஓ.டி. என்பர். அதற்கு எவரும் ஜிலேபி ஊட்டவில்லை. கூண்டில் இடும் வழக்கமான தீனியையே தின்றது. ஆயினும் பிறந்து மூன்று நான்கு வாரங்களிலேயே அதன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திட்டுகளைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடத் தொடங்கின. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் பல எலிகளுக்கு நீரிழிவு வெளிப்பட்டது.

அந்த வெள்ளணுக்களுள் முதன்மையானவை டி அணுக்கள். நோய்க்கிருமியை அழிப்பது அவற்றின் தொழில். நெஞ்சுக்கூட்டினுள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் அவை முதிரும்போது, சொந்த உடலையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் களையப்படும். சில தப்பிவிடுகின்றன. அவ்வாறு தப்பியவை இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களைப் பகையென்று கொண்டு அழிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான்.

நோயுற்ற எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த டி அணுக்களை நோய் காணாத அதே இன எலிக்குச் செலுத்தினால், அதற்கும் நீரிழிவு வருகிறது. இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தீனி மாறவில்லை, தாய் மாறவில்லை, அணுக்கள் மட்டுமே இடம் மாறின.

இன்னொரு செய்தியும் என்னை வியக்க வைத்தது. இவ்வெலிகள் யாவும் ஏறக்குறைய ஒரே மரபணுக்களைக் கொண்டவை. ஒரே கூண்டில் ஒரே தீனி தின்பவை. எனினும் எல்லாவற்றுக்கும் நோய் வருவதில்லை. பெண் எலிகளில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது, ஆண்களில் இருபது முதல் முப்பது என்பது பொதுவான கணக்கு. கிருமி குறைந்த தூய கூண்டில் நோய் மிகுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். வீட்டை நாளுக்கு இருமுறை துடைக்கும் தங்கையிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு பழியை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பானேன்?

எலி மனிதன் ஆகாது. எலியைக் காத்த பல மருந்துகள் மனிதரிடம் பலிக்கவில்லை. ஆயினும் டி அணுக்களை அடக்கும் ஒரு முறை, 1994-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இவ்வெலிகளில் வெற்றி கண்டது, பின்னர் மனிதருக்கும் உதவிற்று. அவ்வழியில் வந்த டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் ஒப்புதல் அளித்தது. நோய் வெளிப்படுவதை அது சராசரியாக ஈராண்டு தள்ளிப்போடுகிறது. வெளிப்பட்ட பின் வந்த எங்கள் குழந்தைக்கு அதனால் பயனில்லை.

கிள்ளானுக்குச் சென்று இவற்றைத் தங்கையிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். "அப்போ என் கையால நடந்தது இல்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா. நான் சொன்னது தப்பு" என்றேன். அருகிலிருந்த சிறுமிக்கு வேறு கவலை. "அந்த எலிக்கு யாரு மாமா ஊசி போடுறது?" என்றாள். ஊசியில்லாமல் அது சில வாரங்களே உயிர் வாழும் என்பதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவ்வாண்டு தீபாவளிக்குத் தங்கை அதிரசம் சுட்டாள். மருமகள் ஒன்றை எடுத்து, அதற்கு எத்தனை யூனிட் என்று விரல்விட்டு எண்ணி, ஊசியைத் தானே போட்டுக்கொண்டு உண்டாள்.