முதல்ல தண்ணி, அப்புறம் லைட்டு

செமஸ்டர் லீவுல மூலக்குளத்தில், மாமா வேலை பார்க்கும் லேபிள் அச்சகத்துக்கு இன்டர்ன்ஷிப் போனேன்.

சாதாரண யுவி மையில் தண்ணீர் இருக்காது, மோனோமர்தான். அது பட்டுப் பட்டு மாமா கையெல்லாம் தடிப்பு. தண்ணீர் சேர்த்த யுவி மை சோதனைக்கு வந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதில் முதலில் ஹீட்டர் தண்ணீரைப் போக்கணும். பிறகுதான் 395 நானோமீட்டர் எல்இடி வெளிச்சம் மையைக் கெட்டியாக்கும்.

ஹீட்டர் சூடாகும் முன்னாடியே நான் ரோலை ஓட்டிட்டேன். நகத்தால் சுரண்டினா மை உரிஞ்சு வருது! தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கிச்சு.

"இந்த மையே வேணாம்" என்றார் ஓனர்.

"மை மேல தப்பில்லைங்க, நான்தான் அவசரப்பட்டேன். இன்னொரு ரோல் பார்க்கலாம்" என்றார் மாமா.

மறுநாள் ஹீட்டர் பக்கத்தைவிட்டு நான் நகரவே இல்லை.