மாதிரியிலிருந்து சிஎன்சி நிரலுக்கு

முப்பரிமாண மாதிரியிலிருந்து சிஎன்சி நிரலைத் தானாக உருவாக்குவதில் பெரிய தடை, மாதிரி பெரும்பாலும் வடிவத்தை மட்டுமே சொல்கிறது என்பது. 10 மிமீ துளை அதில் வெறும் உருளை. அதற்கு எச்7 டாலரன்ஸ் என்றால் அளவு 10.000-க்கும் 10.015-க்கும் இடையே நிற்க வேண்டும், 9.8 டிரில் போட்டு ரீமர் விட வேண்டியிருக்கும். சாதாரண போல்ட் துளைக்கு ஒரு டிரில் போதும். இந்த வேறுபாட்டை ஸ்டெப் ஏபி242 கோப்பில் அனுப்ப வழியுண்டு. பல இடங்களில் அது இன்னும் பிடிஎஃப் வரைபடத்தில்தான் கிடக்கிறது.

உள்மூலை ஆரம் 3 மிமீ என்றால் 6 மிமீக்குப் பெரிய கட்டர் அங்கே நுழையாது. ஆழம் 40 மிமீ என்றால் அந்த மெல்லிய கட்டர் அதிரும். இதையாவது மென்பொருள் கணக்கிட்டுவிடும். ஜாபை எங்கே கிளாம்ப் செய்வது, எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவது என்பதுதான் இன்னொரு பெரிய சிக்கல். வடிவமைப்பாளர்களே, டாலரன்ஸை மாதிரியிலேயே பதியுங்கள்; பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.