கூடாரமும் குடிநீரும்

மலாய்மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. சுங்கை வே என்னும் ஊரின் பெயரிலேயே ஓர் ஆறு இருக்கிறது. ஆனால், பெட்டாலிங் ஜெயாவைச் சேர்ந்த அவ்வூரில் இன்று கண்ணில் படுபவை தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் வாகனங்களும்தாம். அங்கு வளரும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது குழாயில் வருவது. ஆறு என்பது விடுமுறையில் போய்ப் பார்ப்பது.

அதனால்தான், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து பல குடும்பங்கள் வடக்கே உலு சிலாங்கூரை நோக்கிப் புறப்படுகின்றன. கூடாரம், பாய், எரிவாயு அடுப்பு, சார்டின் டின், மேகி மீ எல்லாம் காரில் ஏறிவிடும். கோல குபு பாருவைத் தாண்டிப் பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தால், காட்டு மலைகளுக்கு நடுவே பரந்த நீர்ப்பரப்பு ஒன்று தென்படும். அதுவே சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம். அதற்கு மேற்பக்கம் சிற்றாறுகள் பாறைகளின் மீது துள்ளி ஓடுகின்றன. கெலா மீன்கள் பாதுகாக்கப்படும் சீலிங் ஆறும் அதன் அருவியும் காட்டுவழி நடப்போரை ஈர்க்கின்றன. அணைக்குக் கீழே, ரப்பர்ப் படகில் ஏறி நீரோட்டத்தை எதிர்கொள்ளும் விளையாட்டு நடைபெறுகிறது. நகரத்து இரைச்சலில் களைத்தவருக்கு இவ்விடம் நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை.

இந்த அணை 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 110 மீட்டர். அது தேக்கி வைக்கக்கூடிய நீரின் அளவு ஏறத்தாழ 230 மில்லியன் கன மீட்டர். அந்நீர் அங்கிருந்து நேரே குழாய்க்குள் புகுவதில்லை. ஆற்றில் நீர் குறையும்போது அணை தன் நீரைத் திறந்துவிடுகிறது. ஆறு கோல குபு பாருவைக் கடந்து, பல ஊர்களின் வழியே தாழ்நிலத்துக்கு இறங்குகிறது. அங்குள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் அந்நீரை எடுத்துத் தூய்மைப்படுத்தி நகரங்களுக்கு அனுப்புகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே கிடைக்கிறது.

ஆகவே, அணைக்கு மேலுள்ள ஆற்றங்கரையில் கூடாரம் அடிப்பவர் தம் வீட்டுத் தண்ணீர்ப் பானையின் அருகில்தான் அமர்ந்திருக்கிறார். "அப்பா, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று பிள்ளை கேட்டால், "நம் வீட்டுக்குத்தான், அம்மா" என்பதே சரியான பதில்.

இப்பதிலை மனத்தில் கொண்டால், முகாமில் நாம் செய்யும் பல செயல்களின் பொருள் மாறிவிடும். சோறு ஒட்டிய சட்டியை ஆற்றில் வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது வசதிதான். குழந்தையின் அணையாடையைப் புதரில் எறிந்துவிடுவதும் எளிதுதான். 'ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்' என்று சிலர் சொல்வதுண்டு. தண்ணீர் கொண்டுபோவது உண்மையே. எங்கே கொண்டுபோகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கிறதே என்றும் கேட்கலாம். ஆற்றில் விழும் எல்லாவற்றையும் அந்நிலையத்தால் நீக்கிவிட முடியாது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இதற்குச் சான்று. ரவாங் பகுதியில் ஆற்றுநீரில் இரசாயன வாடை கலந்ததால், சிலாங்கூர் ஆற்றை நம்பிய நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான் உள்ளிட்ட ஏழு வட்டாரங்களில் ஏறத்தாழ 12 லட்சம் நீர் இணைப்புகள் வறண்டன. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது குழாயில் தண்ணீர் இல்லை. அம்மாசுக்கும் முகாமிட்டோருக்கும் தொடர்பில்லை. எனினும், மேலே விழுவது கீழே வந்து சேரும் என்பது எல்லாருக்கும் பொதுவான பாடம்.

மாசு மட்டுமன்று, வறட்சியும் நம் நாட்டை எட்டிப் பார்த்துள்ளது. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது, இந்த அணையின் நீர்மட்டம் பாதிக்கும் கீழே இறங்கியது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வாளிகளையும் பீப்பாய்களையும் வரிசையாக நிரப்பி வைத்த வீடுகள் அப்போதுதான் தண்ணீரின் மதிப்பை உணர்ந்தன.

பாலைவன நாட்டார் இதனை என்றோ உணர்ந்துள்ளனர். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேனியன் அணையால் உருவானது பவல் ஏரி. சிவந்த பாறைகள் சூழ்ந்த அந்த ஏரிக்கரையிலும் மக்கள் முகாமிட்டு மகிழ்கின்றனர். அதே ஆற்றின் நீரை ஏறத்தாழ 4 கோடி மக்கள் நம்பியிருக்கின்றனர். எனவே, அங்கே ஒரு விதி உண்டு. கழிப்பறை வசதி இல்லாத கரையில், நீரிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டருக்குள் முகாமிடுவோர் கையோடு எடுத்துச் செல்லும் கழிப்பறை ஒன்றை வைத்திருக்க வேண்டும். கழிவைத் திரும்ப எடுத்துச் செல்லவும் வேண்டும். இது பேசக் கூச்சமான செய்திதான். ஆனால், கூச்சத்தைவிடக் குடிநீர் பெரிது.

ஆற்றை மதிக்காததால் வரும் துன்பத்தைக் கோல குபுவும் அறியும். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த பழைய அணை ஒன்று உடைந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பின்னர், ஈயச் சுரங்கங்கள் கொட்டிய மண் ஆற்றின் படுகையை மேடாக்கியது. வெள்ளம் அடிக்கடி ஊருக்குள் புகுந்தது. இறுதியில், 1930களின் தொடக்கத்தில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 'பாரு' என்றால் புதியது. கோல குபு பாரு என்னும் பெயர் பிறந்த கதை இதுதான். இன்றைய அணை கட்டப்பட்டபோதும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. தெமுவான் பூர்வக்குடியினரின் இரண்டு சிற்றூர்கள் இடம் மாற்றப்பட்டன. நகரத்தாரின் குழாய்நீருக்காக அவர்கள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் பழமொழி தண்ணீர் தந்தவருக்கும் பொருந்தும்.

நீரைக் காப்பதோடு, நீரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவும் முகாமிடுவோர் அறிந்திருக்க வேண்டும். மலையுச்சியில் பெய்யும் மழை, அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே திடீர் வெள்ளமாக வந்துவிடும். மலாய்மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயேர்' என்பர். தெளிந்த நீர் சட்டெனக் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, உடனே கரையேறிவிட வேண்டும். சரிவின் அடியிலும் கூடாரம் அடிக்கலாகாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில், பத்தாங் காலியில் முகாம் தளமொன்றின் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். உரிமம் பெற்ற தளத்தைத் தேர்ந்தெடுப்பதும் எச்சரிக்கைப் பலகைகளை மதிப்பதும் அச்சத்தின் அடையாளம் அல்ல, அறிவின் அடையாளம்.

நல்ல முகாமுக்குப் பெரிய செலவு தேவையில்லை. பாத்திரங்களை ஆற்றிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் கழுவலாம். குப்பையைப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவரலாம். உள்ளூர்ப் பூர்வக்குடியினரின் நிலத்தில் தங்கினால் அனுமதி கேட்கலாம். இவற்றைப் பெற்றோர் சொல்லிப் பிள்ளைகள் செய்யலாம். பிள்ளைகள் சொல்லிப் பெற்றோரும் செய்யலாம்.

நகரங்கள் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீருடன் சிலாங்கூர் ஆறு மேற்கே ஓடி, கோல சிலாங்கூரில் கடலை அடைகிறது. அங்கே கம்போங் குவாந்தானில், கரையோர மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் ஒளிர்கின்றன. அந்த நீரில் அவற்றுக்கும் பங்குண்டு.