அரைப் பேர்

தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பெற்றோர் இட்டு அழைப்பது ஒன்று. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலிலே விழுவது மற்றொன்று. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு முழுப் பேர் விழும். நிறை குறைந்தவளுக்கு அரைப் பேர். "இன்னிக்கு எத்தன பேர் விழுந்திச்சு?" என்று மாலையிலே லயத்து வாசலில் ஒருவரையொருவர் வினவுவது கூலியைப் பற்றிய வினாவேயன்றி வேறன்று. மனிதனின் பெயரும் அவனுடைய நாட்கூலியும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட மொழிவழக்கு உலகில் வேறெங்கேனும் உண்டோ என்பது ஆராய்தற்குரியது.

பசறையிலிருந்து லுணுகலைக்குச் செல்லும் வீதிக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், தொங்கல் காம்பிராவில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞன், தனக்குத் தானே முதன்முதலாக ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டது கையடக்கத் தொலைபேசியின் திரையிலேதான். அது 2020ஆம் ஆண்டின் இறுதி. கொள்ளைநோய் காரணமாக அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. உயர்தரக் கலைப்பிரிவு மாணவனாகிய அவனுக்குப் பாடங்கள் தொலைபேசி வாயிலாகவே வரவேண்டியதாயிற்று. தாயார் தீபாவளி முற்பணத்தில் ஒரு பழைய தொலைபேசியை வாங்கிக் கொடுத்தாள். வாங்கிய பின்னரே லயத்தில் அலைவரிசை எட்டாது என்பது தெரியவந்தது.

ஊவா மலைகளிலே அக்காலத்தில் கல்வி என்பது ஏறிச் சென்று பெறவேண்டிய ஒன்றாயிற்று. பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் பாறையுச்சிக்கு ஏறியதும், லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் மலைமீது ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் அமைந்த மரக்குடிலுக்குப் பெரியவர்களின் துணையுடன் சென்றதும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உலகச் செய்திகளாயின. செய்தியாகாமல் ஏறியவர் எத்தனையோ பேர். அவ்விளைஞனும் தோட்டத்தின் உச்சியிலே, காற்றுக்கு வளைந்த சவுக்கு மரங்களின் அடியில் அமர்ந்தே வரலாற்றுப் பாடத்தையும் தமிழ்ப் பாடத்தையும் இறக்கிக்கொண்டான். ஒரு பாடம் இறங்க அரைமணி நேரமாகும் நாட்களும் உண்டு. அந்த அரைமணி நேரத்துக்குள்ளேதான் விளையாட்டு புகுந்தது.

அவன் விளையாடியது ரூன்ஸ்கேப் என்பது. இங்கிலாந்தைச் சேர்ந்த கவர் சகோதரர்கள் உருவாக்கி 2001ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு அது. மந்திரமும் வாளும் நாகமும் பூதமும் நிறைந்த கற்பனை நாடொன்றில், உலகின் நாலாபக்கத்திலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் வேடந் தாங்கி நடமாடுவர். அதன் பழைய வடிவம் 2013இல் மீட்டெடுக்கப்பட்டு, 2015இல் இலவசமாகவும் திறந்துவிடப்பட்டு, 2018 ஒக்டோபரிலே கையடக்கத் தொலைபேசிக்கும் வந்துசேர்ந்தது. பழைய தொலைபேசியிலும் ஓடும். தரவும் அதிகம் தின்னாது. வறியவனுக்கு ஏற்ற விளையாட்டு என்று அதனைச் சிபாரிசு செய்தவன் அடுத்த லயத்து நண்பன்.

நுழைவாயிலில் விளையாட்டு கேட்கும் முதற்கேள்வி பெயர்தான். பன்னிரண்டு எழுத்துக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்தன்றி வேறெழுத்து ஏலாது. அவனுடைய சொந்தப் பெயர் அதற்குள் அடங்கவில்லை. பாட்டனார் பெயர் அடங்கிற்று. ஆனால் எந்தப் பெயர் என்பதிலேதான் சிக்கல்.

பாட்டனாருக்கு மூன்று பெயர்கள். பிறப்புப் பதிவிலே ஒன்று. அதனை எழுத்துப் பிழையுடன் எவரோ ஒருவர் செக்ரோலிலே ஏற்றியதால் உண்டானது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரையே குறிப்பன என்று மெய்ப்பிக்க இயலாமல், ஓய்வு பெற்றபின் தமது சேமலாப நிதியைப் பெறுவதற்கு அவர் பல ஆண்டுகள் படியேறி இறங்கினார். அதற்கும் முன்னே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய தலைமுறையையே நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேர் அக்கரைக்கு, 300,000 பேர் இக்கரைக்கு, எஞ்சிய 150,000 பேருக்குப் பின்னர் முடிவு என்று ஆட்களை எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர்க்கெல்லாம் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அரசுகளின் ஏட்டிலே இல்லாத காலத்திலும் செக்ரோலிலே மட்டும் அவருக்குப் பேர் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

மூன்றாவது பெயர் 'ரதி'. அது காமன் பொட்டலிலே கிடைத்தது. மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்து அமாவாசையின்பின் மூன்றாம் பிறையிலே காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிய இரவிலே தகனம் நிகழ்த்துவது மரபு. மன்மதன், ரதி, சிவன், வீரபத்திரன், யமன் என்று வேடந் தாங்குவோர் விரதமிருந்து, தப்பின் முழக்கத்துக்கு விடியும்வரை ஆடுவர். பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் இரவிலே தேவராவார், ஆணே ரதியாவான். பாட்டனார் இளமையில் பல ஆண்டுகள் ரதி வேடம் கட்டியவர். மன்மதன் எரிந்தபின் அவர் புலம்பிய புலம்பலில் துரையின் பங்களாச் சமையற்காரனும் அழுதான் என்பது அத்தோட்டத்துப் பழங்கதை. அதன்பின் அவரைத் தோட்டம் முழுவதும் 'ரதி' என்றே அழைத்தது. மூன்று பெயர்களுள் அவர் உவந்து திரும்பிப் பார்த்த பெயர் அதுவே. பேரன் விளையாட்டிலே இட்டுக்கொண்டதும் அதையே, பின்னால் இரண்டு இலக்கங்கள் சேர்த்து. உலகில் வேறெவனோ அப்பெயரை முன்னரே எடுத்துவிட்டிருந்தான்.

வேடந் தாங்கி ஆடும் இத்தகைய கணினி உலகங்களுக்கு வித்திட்டது எசெக்ஸ் பல்கலைக்கழகம். 1978ஆம் ஆண்டு ரோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் தொடக்கிவைத்ததை ரிச்சர்ட் பாட்டில் என்பவர் தொடர்ந்து வளர்த்தார். படங்கள் இல்லை, சொற்களால் மட்டுமே ஆன உலகம் அது. பிறந்த வர்க்கம் விதித்த எல்லைக்கு அப்பால் ஒருவன் தான் விரும்பியவனாக இருக்கத்தக்க இடமொன்றை ஆக்குவதே தமது எண்ணமாயிருந்தது என்று பாட்டில் பின்னாளிலே விளக்கியுள்ளார். வெறும் பொழுதுபோக்கென்று தள்ளத்தக்க நோக்கமன்று இது. லயத்திலே பிறந்தவனுக்கு அதன் பொருளை எவரும் உரைத்துக் காட்டவேண்டியதில்லை. பதுளை நகரத்துக் கடையொன்றில் எந்தத் தோட்டம் என்று கேட்கப்பட்ட மாத்திரத்தில் மாறிவிடும் குரலை அவன் அறிவான். விளையாட்டுக்குள்ளே எவரும் அதனைக் கேட்கவில்லை. போலந்து நாட்டவன் ஒருவனும் பிரேசில் நாட்டவன் ஒருவனும் அவனுக்கு நண்பராயினர். தயங்கித் தயங்கி அவர்களோடு எழுதிய ஆங்கிலமே பிற்காலத்தில் பல்கலைக்கழக வகுப்பறையில் அவனுக்குக் கைகொடுத்தது.

ஆயின் அந்நாட்டிலும் வேலை உண்டு, வேலையே பெரும்பகுதி. மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், கனி அகழலாம். ஒவ்வொரு திறனும் ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது படி வரை உயரும். முடிவுப் படியை எட்ட 13,034,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். தொண்ணூற்றிரண்டாம் படியை எட்டியவன் முக்கால்வாசிக்கு மேல் கடந்துவிட்டதாக மகிழ்வான். உண்மையில் அது சரிபாதி. இக்கணக்கைக் கண்டறிந்த நாளில் அவன் தொலைபேசியை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் நமுனுகுலை மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் மீண்டும் மரம் வெட்டப் போனான்.

இஸ்தோப்பிலே அமர்ந்து விரல்களால் திரையைத் தட்டிக்கொண்டிருந்தவனைப் பாட்டி ஒருநாள் கேட்டாள்.

"என்னடா ராசா, நாள் முழுக்க என்னா வேல அது?"

"மரம் வெட்டுறேன் அப்பாயி."

"வெட்டி?"

"வித்தா காசு. அதுல மட்டும் செல்லுற காசு."

"நாளைக்கு எத்தன பேர் விழும்?"

அவன் சிரித்துக்கொண்டு, தான் இலவசமாக ஆடுபவன் என்றும், சந்தா கட்டுபவருக்கே எல்லாத் திறன்களும் திறக்கும் என்றும் விளக்கினான். பாட்டி சற்று யோசித்தாள்.

"அங்கயும் நமக்கு அரப்பேருதானா?"

கிழவி அறியாது சொன்னதாயினும் அவ்வுலகின் அமைப்பை அதனிலும் சுருக்கமாக உரைத்தல் அரிது. இலவசமாக ஆடுவோர்க்கு மறுக்கப்பட்ட திறன்களுள் இரண்டு, வேளாண்மையும் வீடு கட்டுதலும். பிறர் மரத்தை வெட்டலாம். தன் நிலத்தில் ஒரு விதை ஊன்ற இயலாது. எந்த ஊரிலும் அலையலாம். தனக்கென ஒரு வீடு எழுப்ப இயலாது. லயத்துக் காம்பிராவும் இலவசமே. வாடகை கேட்பாரில்லை, வேலைக்கு ஆள் இருக்கும்வரை இருக்கலாம். ஆனால் உறுதி இல்லை, தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கே வரும். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்னும் திட்டங்கள் அண்மைக் காலத்தில் சில குடும்பங்களுக்குக் கைகூடியுள்ளன. பெரும்பாலானோர்க்கு இன்னும் லயமே கதி. மண்சரிவிலே லயங்கள் புதையுண்ட கொஸ்லாந்தை மீரியபெத்தை 2014 ஒக்டோபர் 29க்குப் பின் அம்மலைகளில் மழையிரவுகளில் எவரும் அயர்ந்து உறங்குவதில்லை.

சந்தாவை உழைத்தும் பெறலாம் என்றொரு வழி விளையாட்டில் வைக்கப்பட்டுள்ளது. செல்வமுள்ளவன் உண்மைப் பணத்துக்கு வாங்கிய 'பொண்ட்' எனும் சீட்டை விளையாட்டுப் பொன்னுக்கு விற்பான். அதனை வாங்கியவனுக்குப் பதினான்கு நாட்கள் முழு உரிமை. ஒருவனுடைய உழைப்பு நேரமும் மற்றவனுடைய பணமும் கைமாறும் சந்தை இது. இதற்கு அப்பால் விதிமீறிய சந்தை ஒன்றும் உண்டு. வெனிசுவேலா நாட்டின் பணம் மதிப்பிழந்த ஆண்டுகளில் அந்நாட்டு இளைஞர் பலர் இதே விளையாட்டிலே பச்சை நாகங்களைக் கொன்று, கிடைத்ததைப் பொன்னாக்கி, அப்பொன்னை டொலருக்கு விற்று உணவு வாங்கினர். அவர்களைத் தேடித்தேடி வெட்டி வீழ்த்திய மேலைநாட்டு விளையாட்டாளரும் இருந்தனர். ஒருவனுக்கு விளையாட்டாயிருப்பது மற்றொருவனுக்குப் பெரட்டாகிவிடுகிறது.

அவன் எண்ணியது பொண்ட் ஒன்றே. மூன்று மாதங்கள் இயூ மரம் வெட்டிப் பொன் சேர்த்தான். அது ஏறத்தாழ நிறைவுற்ற வேளையில், பளபளக்கும் கவசம் அணிந்த ஒருவன் நகரச் சதுக்கத்தில் அவனை அணுகி, கொடுத்ததை இரட்டிப்பாக்கித் தருவதாகக் கூறினான். முதலில் சிறுதொகை கொடுத்தான், இரட்டித்து வந்தது. அடுத்து முழுவதையும் கொடுத்தான். கவசக்காரன் அக்கணமே மறைந்தான். தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று நம்பிக் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரன் அன்றிரவு உணவு கொள்ளவில்லை. காரணத்தை எவரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பர். திரைக்குள்ளிருந்த பொன் போலியாகலாம். மூன்று மாதம் போலியன்று. அம்மூன்று மாதத்துக்குத் தாயார் வாங்கிக் கொடுத்த ரீலோட்டும் போலியன்று. அவள் நாட்கூலியை 1000 ரூபாவாக்கப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அது கைக்கு வந்தது 2021 மார்ச்சிலேதான்.

பரீட்சை 2022 பெப்ரவரியில் நடைபெற்றது. அவன் தேறினான், பல்கலைக்கழகம் புகுந்தான். விளையாட்டு அவனைக் கெடுத்துவிட்டதென்றோ உயர்த்திவிட்டதென்றோ துணிந்து கூறுவதற்கில்லை. அவனுக்கு விளையாட்டைக் காட்டிய அடுத்த லயத்து நண்பனும் அதே மரத்தடியில் இருந்து அதே மரங்களையே வெட்டியவன். அவன் பரீட்சைக்கே தோற்றாமல் கொழும்பிலே ஒரு துணிக்கடைக்குச் சென்றான். இருவரிடையேயும் இருந்த வேறுபாடு விளையாட்டிலன்று. ஒருவன் தாய் வேலைக்கு இருந்தாள், மற்றவன் தாய் நோயுற்றாள்.

காமன் பொட்டலையும் திரையையும் ஒப்பிட்டு முன்னதே மேலானது என்று எழுதுவது எளிது. அங்கே சந்தா இல்லை. எரிந்த மன்மதன் அனைவர்க்கும் பொதுவாகவே எழுவான். எனினும் பொட்டலிலும் எவரும் எவ்வேடத்தையும் தாங்கிவிட முடிந்ததில்லை. சில வேடங்கள் சில குடும்பங்களுக்கே வழிவழி வந்தன. தப்பு அடிப்பவர் இன்னார் என்பது பிறப்பிலேயே விதிக்கப்பட்டிருந்தது. பெண்ணுக்கு ரதி வேடமும் இல்லை. போலந்து நண்பனோ திரையின் மறுபுறம் இருப்பவன் எவன், எச்சாதியான் என்று ஒருபோதும் கேட்டதில்லை. இதனைப் பாட்டனாரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "கேக்காதவன் ஒன்னய பாத்ததும் இல்லயே தம்பி," என்று மட்டும் கூறினார்.

முதலாண்டு விடுமுறை மாசியில் வாய்த்தது. இரவு இரயிலில் பதுளை வந்திறங்கி, பசறை பஸ்ஸைப் பிடித்துத் தோட்டம் சேர்ந்தபோது பொட்டலிலே பந்தல் எழுந்திருந்தது. ரதி கட்ட ஆளில்லை, இளைஞரெல்லாம் கொழும்பிலே. பாட்டனார் எதுவும் கேட்கவில்லை, பெட்டியைத் திறந்து பழைய சேலையை வெயிலில் மட்டும் உலர்த்தினார். மூன்றாம் நாள் அவன் விரதம் தொடங்கினான்.

தகன இரவிலே, முகத்துக்கு அரிதாரம் பூசுமுன் தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்தான். தப்பு காயவைக்கும் தீயின் ஓரத்தில் அமர்ந்து அவள் அதைத் திறந்தாள். பொட்டலுக்கு இப்போது அலைவரிசை எட்டுகிறது. அண்ணனின் வேடத்தைத் தொடாமல் புதிதாக ஒன்றை ஆக்கினாள், பெயர் கேட்டது. தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஆங்கிலத்தில் இட்டாள். பன்னிரண்டோடு நின்றுவிட்டது, இன்னும் இரண்டு எஞ்சியிருந்தன. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன்னாலிருந்து எழுத்துகளை அழிக்கத் தொடங்கினாள்.